பெயிண்ட் வாளிக் கொய்யாவும் மாஸ்க் போட்ட ஆடும்

ஒரு காட்டில் ஒரு மரம்கூட இல்லை.

இருந்ததையெல்லாம் வெட்டிவிட்டு அந்த இடத்தில் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றைக் கட்டி, வாசலில் 'அடர்வனம்' என்று பித்தளை எழுத்தில் பெயரும் வைத்துவிட்டார்கள். குகைக்காரர், பொந்துக்காரர், புதர்க்காரர் எல்லாருக்கும் ஆளுக்கொரு வீடு, வீட்டுக்கொரு பால்கனி. பால்கனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒருவர் நின்று துண்டு காயப் போடலாம். இன்னொருவர் வந்தால் முதலாமவர் உள்ளே போய்விட வேண்டும்.

மரமே இல்லாத இடத்தைக் காடு என்று சொல்லலாமா என்று ஒரு புறா கேட்டு வைத்தது. வேலை இல்லாத பறவைகள் இப்படித்தான் எதையாவது கேட்டுவிட்டுப் பறந்துவிடும். பதில் சொல்லும் பாடு நடந்து திரிபவர்களுக்கு. குடியிருப்போர் சங்கம் கூடியது. காரசாரமாகப் பேசியது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தது. ஒவ்வொரு பால்கனியிலும் ஒரு தொட்டி இருக்க வேண்டும், தொட்டியில் ஒரு பழச்செடி இருக்க வேண்டும். அத்தனை தொட்டியையும் மனத்துக்குள் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் அதுதான் காடு.

சங்கத் தலைவர் கரடி. பெயர் மாசிலாமணி. அவர் இந்த முடிவை விதியாக எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் மாட்டினார். அதோடு விட்டிருக்கலாம். அடியில் இன்னொரு வரியும் சேர்த்தார்: 'செடியைத் தின்பவர் அன்றைக்கே வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும்.'

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் ஒரு ஆடு வாடகைக்கு வந்து சேர்ந்தது.

ஆட்டின் பெயர் பேச்சி. தெற்கத்திக் கொடியாடு. நெட்டைக் கால், நீளக் காது. ஊரில் அவள் கழுத்தில் கயிறு இருந்தது, கயிற்றின் மறுமுனையில் முளைக்குச்சி இருந்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கொஞ்ச நாளாகச் சிலர் வந்து அவள் முதுகைத் தடவிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அன்பாகத் தடவுவதற்கும் கறி எவ்வளவு தேறும் என்று தடவுவதற்கும் வித்தியாசம் ஆடுகளுக்குத் தெரியும். பேச்சி ஒரு சந்தை நாளில் கயிற்றைக் கடித்துத் தின்றுவிட்டுக் கிளம்பி வந்துவிட்டாள்.

இரண்டாவது மாடி வீடு உலகம்மை என்ற ஆமைக்குச் சொந்தம். உலகம்மைக்கு முதுகிலேயே ஒரு வீடு இருப்பதால் இதை வாடகைக்கு விட்டிருந்தாள். அவளுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. ஆட்சேபணை எல்லாம் கரடியிடம்தான் இருந்தது.

"ஆடா?" என்று அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இதோ பாருங்கம்மா, உங்களத் தப்பா சொல்லல. ஆனா ஆடுன்னா ஒரு பேரு இருக்கில்ல?"

தரைத்தளத்தில் பெரியநாயகி என்ற யானை குடியிருந்தாள். அவள் ஒரு காலத்தில் ஒரு வாழைத்தோப்பையே ஒரே மூச்சில் முடித்தவள். அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. பெரிய அளவில் தின்றால் அது வரலாறு ஆகிவிடுகிறது. ஆடு மாதிரி நுனிப்புல் மேய்ந்தால்தான் கெட்ட பெயர்.

"அண்ணாச்சி, எங்கம்ம மேல சத்தியமா சொல்லுதேன். ஒரு இலையக்கூடத் தொட மாட்டேன். எனக்குக் கயிறு இல்லாத ஒரு வாசல் போதும்" என்றாள் பேச்சி.

கரடி அரை மனதாகச் சாவியைக் கொடுத்தார். பேச்சி அதை ஒரு நாடாவில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். முன்பு கயிறு அறுத்த இடத்தில் இப்போது சொந்தச் சாவி குலுங்கியது. அந்தச் சத்தம் கேட்கக் கேட்க அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சும்மாவே படியேறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் சங்கத்திலிருந்து அவளுடைய பங்குச் செடி வந்தது. பழைய பெயிண்ட் வாளியின் அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் தென்னைநார்த் தூளும் கலந்து நிரப்பி, அதில் ஒரு ஒட்டுக் கொய்யா. இடுப்பளவு உயரம். மேலிருந்து கீழ்வரை இலை. அதைப் பால்கனியில் வைத்ததும் பேச்சிக்கு நிற்க மட்டும்தான் இடம் மிஞ்சியது. அதுவும் கொய்யாவுக்கு முகத்தோடு முகம் வைத்துக்கொண்டு.

பாவம், அவள் முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தண்ணீர் ஊற்றும்போது கண்ணை மூடிக்கொண்டாள். மற்ற நேரத்தில் திரைச்சீலையை இழுத்துவிட்டுச் செடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வாய் ஊறியபோது பார்சல் வந்த அட்டைப்பெட்டிகளைத் தின்றாள். பெட்டி தீர்ந்ததும் மாதக் காலண்டரில் ஆடி மாதத்தைத் தின்றாள். அது போதாமல் ஆவணி, புரட்டாசி என்று வரிசையாகப் போய், கார்த்திகை மாதத்தை விசேஷ நாட்களோடு சேர்த்து மென்று முடித்தாள்.

அப்புறம் ஒரு மத்தியானம் சாரல் விழுந்தது.

நனைந்த கொய்யா இலைக்கு ஒரு வாசனை உண்டு. நமக்கே அதைக் கசக்கி முகரத் தோன்றும். ஆட்டின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பால்கனிக் கதவைச் சாத்தத்தான் பேச்சி எழுந்தாள். சாத்தப் போன கதவு வழியாக ஒரு இலை உள்ளே எட்டிப் பார்த்தது. அது நசுங்கிவிடக் கூடாதே என்று அதை மட்டும் வாயால் ஒதுக்கினாள்.

சாரல் நின்றபோது வாளியில் குச்சிகள் நின்றன. வெறும் குச்சிகள்.

பேச்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள். வயிறு நிறைந்திருந்தது, கண்ணும் நிறைந்திருந்தது. கழுத்துச் சாவியை ஒரு முறை தொட்டுப் பார்த்தாள். யாரோ வந்து தடவுவது போல அவள் முதுகு தானாகச் சிலிர்த்தது.

அவள் நல்ல ஆடு. பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. தானே போய்ச் சொல்லிவிட்டால் ஒருவேளை மன்னித்து விடுவார்கள் என்று நினைத்து, நாலாவது மாடிக்கு ஏறிக் கரடியின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கரடியின் பால்கனியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அங்கேயும் ஒரு கொய்யாதான். ஆனால் பாதியாக அறுத்த நீல டிரம்மில், அரச மரியாதையோடு இருந்தது. வேப்பம்புண்ணாக்கு, மண்புழு உரம், புளித்த மோர், மீனும் வெல்லமும் சேர்த்து ஊறவைத்த மீன் அமிலம் என்று அது வாரம் முழுவதும் விருந்து சாப்பிட்டது. மாசிலாமணி அதன்மேல் கத்தி பட விட்டதில்லை. ஒரு இலை பழுத்து விழுந்தால்கூட அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. செடியும் அந்த அன்பை வீணாக்கவில்லை. கம்பி வழியாக மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் புதராகப் பரவி நின்றது. ஒரே ஒரு குறை, அது இதுவரை ஒரு பூகூடப் பூத்ததில்லை.

போன வருடம் சங்கத்தின் பழ விழாவுக்கு அவர் கடையில் ஒரு கொய்யா வாங்கி வந்து நூலால் கிளையில் கட்டி வைத்திருந்தார். எல்லாரும் வந்து பார்த்துப் பாராட்டினார்கள். பழத்தைச் சுற்றியிருந்த வெள்ளை நுரை வலையைக் கழற்ற மறந்துவிட்டதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரே மறுநாள்தான் கவனித்தார். அன்றிலிருந்து அவர் கொய்யாவைப் பற்றிப் பேசும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தே இருக்கும்.

"அண்ணாச்சி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தாள் பேச்சி.

"தப்புன்னதும் ஞாபகம் வருது. தொட்டிச் செடியில நிறைய பேர் பண்ற தப்பு என்ன தெரியுமா?" என்று கரடி அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். "மீன் அமிலத்தைத் தண்ணி கலக்காம ஊத்துறது."

"அதில்ல அண்ணாச்சி, என் செடில..."

"பூச்சியா? வேப்பெண்ணெய் அடிங்க. ஆனா காலைல அடிக்கக் கூடாது. ஏன்னு கேளுங்க."

அவள் கேட்கவில்லை. அவர் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கு உற்சாகம் ஏறிக்கொண்டே போனது. பேச்சி வாயைத் திறந்தபோதெல்லாம் அதில் ஒரு யோசனை வந்து விழுந்தது. கடைசியில் ஒரு பாட்டில் மீன் அமிலத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார். மறுநாள் லிஃப்ட்டில் பார்த்து மறுபடி முயன்றாள். தரைத்தளம் வருவதற்குள் மண்புழுவின் குணநலன்களைக் கேட்டு முடித்தாள். ஒரு சங்கத் தலைவரிடம் குற்றத்தை ஒப்புக்கொள்வது குற்றம் செய்வதைவிடக் கஷ்டமான வேலை என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

வேறு வழியில்லாமல் மறைக்க ஆரம்பித்தாள். கீழே இருந்து பார்த்தால் தெரியாதபடி பால்கனிக் கம்பியில் எப்போதும் ஒரு போர்வை காயப் போட்டாள். வாரா வாரம் செடியைப் படம் எடுத்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. முதல் நாள் எடுத்த படத்தையே திரும்பத் திரும்ப அனுப்பினாள். யாரும் உற்றுப் பார்க்கவில்லை. கட்டைவிரலே இல்லாதவர்கள்கூடக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

குச்சியாக நின்றாலும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை அவள் நிறுத்தவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கூச்சமான விஷயம். வெளியில் தலைகாட்டப் பயந்து அவள் பால்கனியே கதி என்று கிடந்த நாட்கள் அவை. கரடி பணம் கொடுத்து மூட்டையாக வாங்கும் ஆட்டு எரு, பேச்சியின் வாளிக்கு வேளை தவறாமல், புத்தம் புதிதாகக் கிடைத்து வந்தது. இதற்கு மேல் நான் விவரிக்கப் போவதில்லை.

ஒரு காலையில் திரையை விலக்கிப் பார்த்தால், குச்சிகளின் கணுவிலெல்லாம் செந்தளிர்.

"ஏ தாயே!" என்று பேச்சி துள்ளியதில் வாளியே ஆடிவிட்டது. செடி சாகவில்லை, வீடு போகவில்லை. சந்தோஷத்தில் செடியைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபோது தளிர் உதட்டில் பட்டது. தளிர் என்றால் என்ன, வெண்ணெய் மாதிரி. நுனியை மட்டும் ஒரு கடி கடித்துவிட்டு, தன்னைத் தானே திட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். பிறகு சாயங்காலம் வந்து இன்னொரு நுனி. கடித்த இடத்திலெல்லாம் ஒரு தளிர் இரண்டாகப் பிரிந்து வளர்ந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. குற்ற உணர்ச்சியில் இருப்பவர்கள் தோட்டத்தை எங்கே கவனிக்கிறார்கள்!

அந்தச் சமயம் பார்த்து அவள் பால்கனிச் சுவரில் ஏசி குழாய்க்காக விட்டிருந்த ஓட்டையில் ஒரு மைனா குடிவந்தாள். பெயர் கோமு. கோமுவுக்கு ஒரு செய்தி காலையில் கிடைத்தால் மத்தியானத்துக்குள் அது மொட்டைமாடிக்குப் போய்விடும்.

"அக்கா, இதென்ன இலை இடுக்குல எல்லாம் உருண்டை உருண்டையா?" என்றாள் கோமு, வந்த அன்றைக்கே.

"எதை?" என்று பேச்சி பதறிப்போய்ப் பார்த்தாள்.

"மொட்டுக்கா! பூக்கப் போகுது. இது உதிராம நின்னுச்சுன்னா காயி."

பேச்சி செடியை விட்டுக் கதவுவரை பின்வாங்கினாள். இனி ஒரு தளிரைத் தொட்டாலும் மைனா பார்த்துவிடும். பூவைக் கடித்துவிட்டால் காய் போய்விடும். இரண்டும் போனால் சாவி போய்விடும். தன் வாயைத் தானே நம்ப முடியாதவர் என்ன செய்வார்? பெட்டியைக் குடைந்து, கடைத்தெருவுக்குப் போக வைத்திருந்த ஒரு பழைய மாஸ்க்கை எடுத்து, காதில் மாட்டி, இரண்டு முடிச்சும் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து மாஸ்க் இல்லாமல் பால்கனிக் கதவைத் திறப்பதில்லை.

கோமு இதைத் தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தாள். பறந்து போய் வீடு வீடாகச் சொன்னாள். "இரண்டாவது மாடி ஆட்டுக்காரம்மா எவ்வளவு சுத்தம் தெரியுமா? தன் மூச்சுக் காத்துகூடப் பூ மேல படக் கூடாதுன்னு மாஸ்க் போட்டுக்கிட்டுத் தண்ணி ஊத்துறாங்க. மொட்டு கொத்துக் கொத்தா நிக்குது!"

மறுநாள் அடர்வனத்தின் அத்தனை பால்கனியிலும் மாஸ்க். எலுமிச்சைக்குத் தண்ணீர் ஊற்றிய மான் மாஸ்க் போட்டிருந்தது. மாதுளையைப் பார்க்க வந்த குரங்கு, வாலுக்கும் ஒன்று போட்டிருந்தது. கரடியின் மூக்குக்கு ஒரு மாஸ்க் எட்டவில்லை என்பதால் இரண்டைச் சேர்த்துத் தைத்துக்கொண்டார். யார் செடியும் அதனால் கூடுதலாக ஒரு மொட்டு விடவில்லை. ஆனால் எல்லாரும் ஏதோ விஞ்ஞானமாகச் செய்கிறோம் என்ற நிறைவோடு இருந்தார்கள்.

பேச்சியின் வாளியில் பூக்கள் உதிர்ந்து பிஞ்சு விட்டது. பிஞ்சு காயானது. கிளைகள் கனம் தாங்காமல் கம்பிமேல் சாய்ந்தன. போர்வைக்குப் பின்னால் இனி எதையும் மறைக்க முடியாது. மறைக்க வேண்டியதும் இல்லை. போர்வையை எடுத்ததும் கீழே கூட்டம் கூடிவிட்டது. படிக்கட்டு வரை வரிசை நின்றது. பெரியநாயகி லிஃப்ட்டில் ஏற முடியாமல் கீழே நின்று துதிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்துவிட்டுப் போனாள்.

தலைவர் மட்டும் வரவில்லை.

அவர் வந்தது பழ விழா அன்றைக்கு. சங்கத்தார் வீடு வீடாகப் போய்ச் செடியைப் பார்வையிடும் நாள் அது. கார்த்திகையில் வரும் என்று எல்லாருக்கும் தெரியும், பேச்சியைத் தவிர. அவள்தான் கார்த்திகையைத் தின்றுவிட்டாளே. கதவைத் திறந்தால் வாசல் நிறைய ஆட்கள். முன்னால் மாசிலாமணி.

அவர் பால்கனிக்கு வந்தார். இடம் போதாததால் மற்றவர்கள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்கள். கரடி பேசவில்லை. எப்போதும் பேசுகிறவர் பேசாமல் நின்றதே எல்லாருக்கும் பயமாக இருந்தது. ஒரு கொய்யாவை மெல்லத் தூக்கிப் பார்த்தார். நூல் இருக்கிறதா என்று காம்பைத் தடவினார். இல்லை. இரட்டை மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"வருஷக் கணக்கா வளர்க்கறேன்மா" என்றார். குரல் உடைந்திருந்தது. "நான் சாப்பிடறதுக்கு முன்னாடி அதுக்கு ஊத்தறேன். ஒரு இலைய நான் கிள்ளினது இல்ல. என்கிட்ட ஒரு பூகூடப் பூக்கல. என்னதான்மா செஞ்சீங்க? சொல்லக் கூடாதா?"

பேச்சி சும்மா இருந்திருக்கலாம். மாஸ்க் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரும் நம்பியிருப்பார்கள். வீடும் அவளுடையதாகவே இருந்திருக்கும். ஆனால் அவ்வளவு பெரிய உருவம் தரையில் உட்கார்ந்து மூக்கைத் துடைப்பதைப் பார்க்க அவளுக்கு மனம் பொறுக்கவில்லை. கழுத்து நாடாவை அவிழ்த்தாள். சாவியை அவர் முன்னால் வைத்தாள்.

"அண்ணாச்சி, நான் அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்கதான் விடல. நான் ஒண்ணும் செய்யல. தின்னுட்டேன். ஆடி மாசச் சாரல்ல ஒரு இலை மிச்சம் வைக்காம அம்புட்டையும் தின்னுட்டேன். அப்புறம் தளிர் வந்துச்சு, அதையும் கடிச்சேன். இந்த மாஸ்க்கு சுத்தத்துக்கு இல்ல, என் வாய்க்குப் போட்ட பூட்டு. நான் கெளம்புதேன். பழத்த நீங்களே பறிச்சுக்கிடுங்க."

கரடி சாவியைப் பார்த்தார். கொய்யாவைப் பார்த்தார். பேச்சியைப் பார்த்தார். மெதுவாகச் சட்டைப் பைக்குள் கையை விட்டார். பேச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கொஞ்சம் முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் கரடி. கையில் போன் இருந்தது. "ரெக்கார்ட் பண்ணிக்கறேன்."

"என்னது?"

"ஆடில, எல்லா இலையும். சரி. தளிரைக் கடிச்சேன்னீங்களே, நுனியா, நடுவுலயா?"

"நுனிதான் அண்ணாச்சி. அதுதான ருசி."

"நுனி..." என்று அவர் போனுக்கு அருகில் வாயை வைத்துத் திரும்பச் சொன்னார். "எத்தனை கணு விட்டு?"

"நான் எங்க கணக்குப் பாத்தேன்? வாய்க்கு எட்டுனது வரைக்கும்."

"வாய்க்கு எட்டும் உயரம்" என்று கரடி மரியாதையாகத் தலையசைத்தார்.

கோமுவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "தலைவரே, கீழ மாட்டி வச்சிருக்கீங்களே, செடியத் தின்னா சாவியக் கொடுக்கணும்னு? அது என்னாச்சு?"

மாசிலாமணி தொண்டையைச் செருமினார். எழுந்து நின்றார். பழைய குரல் திரும்பிவிட்டது. "இவங்க எங்க தின்னாங்க? இவங்க பண்ணது கவாத்து. பழைய கிளைய ஒதுக்கினாத்தான் புதுக் கிளை வரும், புதுக் கிளையிலதான் கொய்யா காய்க்கும். இதெல்லாம் எனக்கு எப்பவோ தெரியும்."

"கவாத்துன்னா கத்திரிக்கோல்ல தானே பண்ணுவாங்க? இவங்க வாயால பண்ணாங்களே?"

"கத்திரிக்கோல் துருப்பிடிக்கும்" என்றார் கரடி. அதோடு விவாதம் முடிந்தது.

சாவியை அவரே எடுத்துப் பேச்சியின் கழுத்தில் கட்டிவிட்டார். கட்டிவிட்டு முதுகில் ஒரு தட்டு தட்டினார். பேச்சிக்குப் பழக்கதோஷத்தில் உடம்பு ஒரு முறை தூக்கிப்போட்டது. பிறகு அவர் எடை பார்க்கவில்லை என்று தெரிந்ததும் நின்ற இடத்திலேயே அழுதாள். சந்தோஷ அழுகைதான். அழுதுகொண்டே எல்லாருக்கும் ஆளுக்கொரு கொய்யா பறித்துக் கொடுத்தாள். அவளுக்குப் பழம் பிடிக்காது.

அன்று மாலையே லிஃப்ட்டுக்குப் பக்கத்து விதியில் 'செடியின் நலன் கருதித் தின்பவர் நீங்கலாக' என்று ஒட்டுப் போட்டு எழுதினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலாவது மாடியில் முதல் கவாத்து. மாசிலாமணி பார்க்கத் தைரியம் இல்லாமல் கையால் கண்ணை மூடிக்கொண்டு, விரல் இடுக்கு வழியாகப் பார்த்து ஒவ்வொரு கடிக்கும் 'ஐயோ' என்றார். பேச்சியின் பாடு அதைவிட மோசம். இலையில் ஒரு பக்கம் மீன் அமிலம், மறுபக்கம் வேப்பெண்ணெய், நடுவில் புளித்த மோர்.

"அண்ணாச்சி, இதை எப்பிடித்தான் இந்தச் செடி தாங்குச்சோ!" என்று சொல்லிவிட்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு வேலையை முடித்தாள். வீடு கிடைத்த நன்றிக்காக அந்தப் புதரை அவள் தின்றதைப் போல, நீங்களும் நானும் எதையும் தின்றிருக்க மாட்டோம்.

யானை பெரியநாயகிக்கும் ஆசை வந்தது. தனக்கும் தொழில் தெரியும் என்று சொல்லி, பக்கத்து வீட்டு எலுமிச்சைக்குக் கவாத்து செய்தாள். தொட்டியோடு செய்துவிட்டாள். கம்பியிலும் பாதியைக் காணவில்லை. 'இன்னும் பயிற்சி தேவை' என்று சங்கம் அன்போடு தெரிவித்தது.

வெயில் காலத்தில் கரடியின் டிரம்மில் ஒரு கொய்யா காய்த்தது. ஒன்றே ஒன்று. அது அடிபடாமல், மைனா கொத்தாமல் இருக்க, அவர் பழைய நுரை வலையைத் தேடி எடுத்து மாட்டி வைத்தார். பார்க்க வந்த எல்லாரும் வலையைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், "ரொம்ப நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் தொண்டை கிழியக் கத்தினார். ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் பேச்சி வந்து, "நான் கடிச்ச கிளையில வந்த காய்தான், சத்தியம்" என்று சாட்சி சொன்ன பிறகுதான் ஊர் அடங்கியது.

பேச்சியின் கதவில் இப்போது 'கவாத்து நிபுணர்' என்று பலகை தொங்குகிறது. முன்பதிவு இல்லாமல் பார்க்க முடியாது. வயிறு எப்போதும் நிறைந்திருக்கிறது. ஆனால் கேட்டுத் தின்னக் கொடுக்கிற இலையில் பழைய ருசி இல்லையாம். அதனால் வேலை முடிந்து வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, யாருக்கும் தெரியாமல் காலண்டர் தின்கிறாள்.

இந்தச் சமயத்தில்தான் அவள் ஊர்க்காரக் கிடா ஒருவன், மாடசாமி என்று பெயர், மூன்றாவது மாடிக்குக் குடிவந்தான். இவளைப் போலவே சத்தியம் செய்தான். இவளுக்கு வாரக்கணக்கில் இருந்த பொறுமை அவனுக்கு ஒரு பொழுதுகூட இல்லை. வந்த மறுநாளே தன் சீத்தாச் செடியை மொட்டையாக்கினான். அவனும் நல்லவன்தான், பொய் சொல்லத் தெரியாது. நேராகப் போய், தன் கொய்யாவுக்காகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் பேச முடியாமல் உட்கார்ந்திருந்த கரடியின் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கரடி வந்து பார்த்தார். தொட்டியில் குச்சிகள் நின்றன. பேச்சி ஓடி வந்து, "அண்ணாச்சி, இதுவும் கவாத்துதான், ஒரு மழை வரைக்கும் பொறுங்க" என்று எவ்வளவோ மன்றாடினாள்.

"கவாத்துன்னா பழம் எங்கம்மா?" என்று கிசுகிசுத்த குரலில் கேட்டார் கரடி. சாவியை வாங்கிக்கொண்டார்.

மாடசாமியை வழியனுப்ப வாசல் கேட் வரை பேச்சி போனாள். அடுத்த தெருவில் கட்டியிருக்கும் 'பசுஞ்சோலை' குடியிருப்பில் வீடு காலி இருப்பதைச் சொல்லி, வழியும் காட்டினாள். கையில் சாப்பிட ஒரு மாசிமாதக் காலண்டர் தாளையும் கொடுத்தாள். அவன் ரொம்ப தூரம் போன பிறகு மனசு கேட்காமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஏலேய், ஒப்புக்கிட்டது சரிதாம்ல. ஆனா இப்பமே ஒப்புக்கிடச் சொன்னது யாருல?"

நீதி: செய்த தவறை ஒருபோதும் மறைக்காதே. அது காய்க்கும்வரை காத்திருந்து, பழத்தோடு போய் ஒப்புக்கொள்.